தட்டைப் பாதம்

சாவுக் கடுதாசியைக் கையில் பிடித்தபடி முனாப் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையிலிருந்து மூன்றாவது தடவையாக எழும்பினான். டொக்டர் இன்னும் வார்ட்டுக்குள்ளேதான் இருந்தார். மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. பின்னேரம் அசர் தொழுகையோடு வாப்பாவை அடக்குவதென்று பள்ளியில் சொல்லியாயிற்று. மையித்தை வீட்டில் கிடத்திவிட்டு, மூத்த மகன் இங்கே வந்து காத்துக் கிடக்கிறான்.

"இரும் தம்பி. வருவார்," என்றார் குலசிங்கம்.

குலசிங்கம் பக்கத்து வீட்டுக்காரர், துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். வாப்பாவின் பட்டாளப் பென்சன் அப்பீல்கள் எல்லாவற்றையும் இங்கிலீசில் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். காலையில் மையித்தைப் பார்க்க வந்தவர், ஆஸ்பத்திரியில் கொடுத்த கடுதாசியை வாங்கி வாசித்துவிட்டு முனாப்பை வேலியோரம் கூட்டிக்கொண்டு போனார்.

"இருதயம் நிண்டு மௌத்து எண்டு போட்டிருக்கு. கால் புண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்தக் கடுதாசி கொழும்புக்குப் போனால் அங்க கிடக்கிற மூண்டாவது அப்பீலும் முடிஞ்சுது. உங்கட உம்மாவுக்கு ஒரு சதமும் வராது."

அதைக் கேட்டுத்தான் முனாப் அவருடைய சைக்கிளில் ஏறி வந்தான்.

வாப்பா அபூதாஹிர் வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் இருந்தவர். ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட வருஷம், கடலில் தாண்டுபோன சரக்குத் தோணிகளிலிருந்து பீரங்கி ஷெல் பெட்டிகளைக் கரையேற்றும் வேலை அவருடைய கூட்டத்துக்கு. எண்ணெய் மிதந்த உப்புத் தண்ணீரில், சப்பாத்தைக் கழற்றாமல், கிழமைக்கணக்கில் நின்றார்கள். கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்தது. இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அந்தக் காலின் மிச்சத்தில் வந்த புண் இருபது வருஷம் ஆறவில்லை. போன கிழமை அந்தப் புண்ணிலிருந்துதான் காய்ச்சல் தொடங்கியது.

முதல் அப்பீலுக்குக் கொழும்பிலிருந்து வந்த பதில், பிறவியிலேயே தட்டைப் பாதம், சேவைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றது. "தட்டைப் பாதக்காரனை ஏன் பட்டாளத்தில சேர்த்தவங்கள் எண்டு கேளும்," என்று குலசிங்கம் கொதித்துக்கொண்டு இரண்டாவதை எழுதினார். அதற்கு நேரில் வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

முனாப்பும் கூடப் போனான். ரயிலில் வாப்பா காலை எதிர் ஆசனத்தில் தூக்கி வைத்தபடியே போனார். கந்தோரில் நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஒருவர் ஃபைலைப் பார்த்து வாப்பாவின் பட்டாள நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார். கதவு வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வரச் சொன்னார்.

வாப்பா நடந்தார். நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, ஒரு எட்டும் பிசகாமல் நடந்தார். கதவடியில் திரும்பிக் குதிகாலைச் சேர்த்து நின்றார். வீட்டில் கிணற்றடிக்குப் போவதற்குச் சுவரைப் பிடிக்கிற மனிதர்.

நடையில் குறை எதுவும் காணப்படவில்லை என்று எழுதினார்கள்.

வெளியே வந்ததும் முனாப்புக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "நொண்டினா என்ன வாப்பா? உள்ள நொண்டலத்தானே காட்டச் சொன்ன?"

"நம்பரச் சொல்லிக் கூப்பிட்டுட்டான் மகன்," என்றார் வாப்பா. சப்பாத்துக்குள் ரத்தம் நிறைந்திருந்தது. அன்றைக்கு முழுக்க முனாப் அவரோடு கதைக்கவில்லை.

டொக்டர் வார்ட்டிலிருந்து வெளியே வந்தார். யாழ்ப்பாணத்துப் பொடியன், இரவு முழுக்க நித்திரை இல்லாத முகம். குலசிங்கம் ஃபைலை விரித்து எல்லாவற்றையும் சொன்னார். டொக்டர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஐயா, அவர் என்னட்ட வரேக்க நினைவில்லை. நான் கண்டது இருதயம் நிண்டதை. கால் புண்ணாலதான் செத்தவர் எண்டு நான் எப்படி எழுதுறது? நாளைக்கு அவங்கள் என்னையெல்லோ கேப்பாங்கள்."

"நீங்கள் காலைப் பாத்தனீங்கள்தானே?"

"பாத்தனான். பாத்தது மட்டும் காணாது." டொக்டர் முனாப்பின் பக்கம் திரும்பினார். "பிரேதத்தைத் திரும்பக் கொண்டுவந்தால், வெட்டிப் பாத்திட்டு எழுதலாம். ஆனால் நாளைக்குத்தான் தருவம்."

முனாப் கடுதாசியை மடித்தான், திரும்ப விரித்தான். குலசிங்கம் அவனைத் தூண் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"எனக்கு உங்கட முறை தெரியும் தம்பி. ஆனா ஏழு வருஷம். ஏழு வருஷமா எழுதினனான். இவங்கள் வாய் திறக்க ஏலாதபடிக்கு ஒரு கடுதாசி கிடைக்கப் போகுது. உம்மாவை யோசிச்சுப் பாரும். உமக்குப் பின்னுக்குக் கலியாணம் முடிக்காத ரெண்டு குமர் இருக்கு."

"உம்மாட்டக் கேக்கணும் ஐயா."

கச்சான் காற்று கடற்கரை மணலை வீதியில் வாரி அடித்தது. எதிர்க்காற்றில் குலசிங்கம் மூச்சு வாங்க மிதித்தார். பின்னால் இருந்த முனாப் மனதுக்குள் கணக்குப் பார்த்தபடி வந்தான். கிண்ணியாவுக்கு லோஞ்சுப் படகு ஓட்டி அவனுக்கு வருகிற கூலி, தங்கச்சிமார், அரிசி. ஒரு கணக்கும் சரிவரவில்லை. ஓம் என்று சொல்லத்தான் வேண்டும் என்று ஒழுங்கை வாசலில் இறங்கும்போது முடிவுகட்டியிருந்தான்.

முற்றத்தில் கட்டியிருந்த மறைப்புச் சேலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மண் நனைந்திருந்தது. கற்பூர வாசம்.

"எங்கடா போய்த் துலைஞ்ச?" என்றார் பெரியவாப்பா, ஈரச் சாரத்தோடு. "ஆளனுப்பித் தேடினம். இனியும் வச்சிருக்க ஏலாதெண்டு நாங்களே குளிப்பாட்டிட்டம்."

முனாப் அந்த ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே போனான்.

உம்மா ஸல்ஹா அறைக்குள் சுவரோடு சாய்ந்து இருந்தாள். அவன் பக்கத்தில் குந்தி, மற்றப் பெண்களுக்குக் கேட்காமல் விஷயத்தைச் சொன்னான்.

"எங்க வெட்டுற?" என்றாள் உம்மா.

"கால. மத்ததும் பார்ப்பாங்களாம்."

தங்கச்சி ஜெமீலா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். யாரும் அதைத் தொடவில்லை.

"கொழும்புக்குப் போய் அவங்களுக்கு முன்னால நேரா நடந்து காட்டின மனிசன்," என்றாள் உம்மா மெதுவாக. "இப்ப படுத்துக் கிடக்கையில வெட்டிக் காட்டவா மகன்?"

"அப்ப பென்சன் இல்ல உம்மா. இனி எப்பவும் இல்ல."

"அது விளங்குது." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "போய்த் தொழுகைக்கு ஒழுச் செய்ங்க. நேரமாகுது."

வாசலில் குலசிங்கம் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். முனாப் இல்லை என்று தலையை ஆட்டினான். அவர், மையித்தைச் சந்தூக்குப் பெட்டியில் தூக்க ஆட்கள் உள்ளே போவதைப் பார்த்தார். ஃபைலைக் கரியரிலிருந்து எடுத்து, திரும்ப அதிலேயே வைத்துக் கட்டினார்.

"விதவை எண்டு போட்டு எழுதிப் பாப்பம்," என்றார் பிறகு. "கால் எண்ட சொல் இல்லாமல் என்னத்தைத்தான் எழுதுறதோ." சைக்கிளை உருட்டிக்கொண்டு சனத்தோடு சனமாக, அடக்கும் மையவாடி வரைக்கும் நடந்து வந்தார்.

கபுறுக் குழிக்குள் இறங்கச் சொல்லி முதலில் முனாப்பைத்தான் கூப்பிட்டார்கள். "தலைப்பக்கம் நில்லுங்க தம்பி. நீங்கதானே மூத்த மகன்," என்றார் பள்ளி லெப்பை.

"இல்ல. நான் இஞ்சால நிக்கிறன்."

அவன் கால்மாட்டில் நின்று கையை நீட்டினான். மேலேயிருந்து இறக்கினார்கள். கபன் துணிக்குள்ளால் இரண்டு பாதமும் அவன் உள்ளங்கையில் வந்து இறங்கின. இடது பக்கம் பாரம் குறைவாக இருந்தது. குதிகாலை அழுத்தாமல், கணுக்காலுக்கு மேலே பிடித்து, ஆக மெதுவாக மணலில் வைத்தான்.

மேலே மண்வெட்டியோடு ஆட்கள் காத்து நின்றார்கள்.

"வச்சாச்சுத்தானே," என்றார் லெப்பை. "கையை எடுங்க தம்பி."