அத்திலியோ எதற்குக் கிளம்பினார்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. என் கணவரை அடக்கம் செய்துவிட்டு மாதா கோவில் படியில் நின்றபோது, அவருடைய எதிர்க்கட்சிக்காரர் டாகர்ட் என்னிடம் கேட்டது. டாகர்ட்டுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார். எழுதினால் தெரியுமோ என்று எழுதுகிறேன். மனைவிக்கு எலீதே என்று பெயர் வைத்திருக்கிறேன். 'நான்' என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது.

முதலில் எழுதிய தொடக்கம்: "ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் அட்டைப்பெட்டி ஒன்றோடு இறங்கிய அத்திலியோ..." (வேண்டாம். கடல் கடந்து பிழைக்க வந்த எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் இறங்கினார்கள்.)

2

டிசம்பர் ஞாயிறு. பன்றி அறுத்தாயிற்று. அத்திலியோ சமையலறை மேசையில் மணிக்கட்டுவரை கையை விட்டு, கொத்திய இறைச்சியில் மிளகும் பூண்டு ஊறிய ஒயினும் சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு பேப்பி அதை அடைப்பதற்கான குடலைக் கழுவிக்கொண்டிருந்தார். உருக்காலைப் புகையில் நுரையீரல் போனவர். பேச்சுக்கு நடுவே நின்று மூச்சு வாங்குவார்.

"எம்.எல்.ஏ. ஆகி என்ன பிரயோசனம் வாத்தியாரே? உப்பு பத்தல."

"ஓட்டுப் போட்டவன்ல, அதான் இவ்வளவு வாய்."

"போட்டேன்னு யாரு சொன்னா? என் பையன சரித்திரத்துல ரெண்டு தடவ பெயிலாக்கினீங்களே!"

எலீதே சிரித்தாள். ('கடைசியாக' என்று எழுதி அடித்துவிட்டேன்.)

3

(இந்தப் பகுதி கட்டுரைபோல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.) அத்திலியோவுக்குப் பகலில் உருக்காலை, மாலையில் படிப்பு. பிறகு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். நகரசபையில் இரண்டு முறை உறுப்பினர். எங்கள் மேட்டுத் தெருக்களுக்கு விளக்கு வந்தது அப்போதுதான். அதன்பின் மாகாணத் தலைநகர் விக்டோரியாவில் சட்டசபை. அங்கே அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: பேப்பி மாதிரி ஆட்களுக்கு நஷ்ட ஈடு. அதற்கான மசோதா புதன்கிழமை ஓட்டுக்கு வருவதாக இருந்தது.

செவ்வாய்வரை ஊரில் இருக்க 'ஜோடி' போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதாவது, இவர் இல்லாத நாட்களில் எதிர்க்கட்சியில் ஒருவர் ஓட்டுப் போடாமல் ஒதுங்கியிருப்பார்; அந்த நாட்களில் இவரும் போய் ஓட்டுப் போடக்கூடாது. எழுத்தில் எதுவும் கிடையாது. இருவர் கைகொடுத்துச் சொல்லிக்கொள்வதுதான். அந்த முறை ஜோடி, மரம் அறுக்கும் மில் முதலாளி டாகர்ட்.

4

போன் அடித்தது. அத்திலியோவின் கையெல்லாம் கொழுப்பு. எலீதேதான் ரிசீவரை அவர் காதில் பிடித்தாள். பேசியவர் அவருடைய கட்சிக் கொறடா. அவளுக்குக் கேட்டது வெறும் இரைச்சல்.

"நாளைக்கேவா?... டாகர்ட் சொல்லியிருக்காரே... ஒரு ஓட்டா?... புரியுது."

கையை நெடுநேரம் தேய்த்துக் கழுவினார்.

"என்னங்க?"

"ஓட்டெடுப்பு நாளைக்கே வருதாம். போகணும்."

"அதான் டாகர்ட் ஒதுங்கிக்கிறேன்னாரே?"

"சொன்னார்."

"அப்புறம் என்ன?"

"பேப்பி, இறைச்சிய மூடி வை."

(ஒரு பிரதியில் வாசலில் திரும்பி ஏதோ சொல்கிறார். நல்ல வாக்கியம்தான். ஆனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை.)

விக்டோரியா போகும் வழியில் மலைக் கணவாயில் பனி. செவ்வாய்க்கிழமைதான் பள்ளத்தில் காரைக் கண்டுபிடித்தார்கள்.

5

"திங்கட்கிழம நான் சபைக்கு உள்ள போகலம்மா," என்றார் டாகர்ட், தொப்பியைக் கையில் சுழற்றியபடி. "உள்ள வந்து ஓட்டுப் போடச் சொல்லி எங்க ஆளுங்க கத்தினாங்க. வராந்தா பெஞ்சுலயே உக்காந்திருந்தேன். மசோதா ஒரே ஓட்டுல தோத்துது. அவரு எதுக்கும்மா கிளம்பினாரு? என் பேச்ச நம்பலையா? இல்ல..."

அந்த 'இல்ல'வை முடிக்காமலே தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். நானும் முடிக்காமல் விட்டிருக்கிறேன்.

கொறடாவைக் கேட்டால், "நாள் மாறினதத்தான் சொன்னேன்" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் பெயரவில்லை.

6

ஒரு முடிவு: டாகர்ட் ஏமாற்றப்போகிறார் என்று யாரோ சொன்னதை அத்திலியோ நம்பிவிட்டார். நல்ல மனிதர் ஒருவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே செத்தார்.

மற்றொன்று: டாகர்ட் வரமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கிளம்பினார். சொன்ன சொல் தவறக்கூடாது என்று இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், பேப்பியின் மூச்சுக்காகத் தன் சொல்லை உடைக்கப் புறப்பட்டார்.

முதலாவதைச் சொன்னால் டாகர்ட் நொந்துபோவார். இரண்டாவதைச் சொன்னால் அத்திலியோ... இந்த வாக்கியத்தை நாலு முறை தொடங்கிவிட்டேன். எலீதே சில நாள் இதை நம்புகிறாள், சில நாள் அதை.

நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்துக்கொண்டாலும், கணவாயின் அந்த வளைவில் இன்றுவரை தடுப்புக்கம்பி போடவில்லை.