தொட்டு நின்ற உதை

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. எங்கள் லைன் வீட்டில் இரண்டு கதவு தள்ளிக் குடியிருக்கும் ஷம்சியா, மகளைக் கராத்தே வகுப்பில் சேர்க்கிற படிவத்தோடு வந்து என்னை நிறுத்தினாள்.

"அண்ணே, ரோட்டுல ஒருத்தன் கையப் புடிச்சா இது உதவுமா? உதவும்னா ஒச்சப்பண்ணன் மகளுக்கு ஏன் உதவல? அன்னிக்கு நீங்க அந்தப் பக்கந்தானே சொமந்துட்டிருந்தீங்க?"

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

முதல் தொடக்கம்: மாலை ஆறரை மணி. கிட்டங்கிச் சந்தில் ஆளே இல்லை. அமுதவள்ளி மட்டும்…

(இந்த வரி பொய். அடித்துவிட மனமில்லை. நாலாவது பகுதிவரை இருக்கட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: வீராங்கனை அமுதவள்ளி…

அந்தச் சொல்லோடு நிறுத்திவிட்டேன். தாடையில் கம்பி கட்டி, ஐந்து வாரமாகக் குழாய் வைத்துக் கஞ்சி உறிஞ்சுகிற பெண்ணை அப்படிக் கூப்பிட்டால் கேலிபோல இருக்கிறது.

அவள் அப்பனிடமிருந்தே தொடங்குகிறேன்.

2

ஒச்சப்பன் மலையாளத்து மட்டாஞ்சேரியில், மிளகு அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் என்னோடு மூட்டை சுமக்கிறவன். ஒரே மகள் அமுதவள்ளி. ஜூ டவுன் என்கிற பழைய யூதர் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் வேலை. கடை சாத்தியதும் கிட்டங்கிச் சந்து வழியாகத்தான் அவள் வீட்டுக்கு வரவேண்டும். முன்பெல்லாம் ஒச்சப்பன் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டிவரப் போவான். மாநிலப் போட்டியில் அவள் வெள்ளி வாங்கிய அன்றோடு அது நின்றது.

"இனி நான் எதுக்கு மாப்ள? அவதான் எனக்குத் துணைக்கு வரணும்" என்று சாயாக்கடையில் பீற்றிக்கொண்டான்.

"உனக்கு மருமகனா வர்றவன் ஹெல்மெட்டோடதான் வரணும்" என்றேன். கடையே சிரித்தது. ஒச்சப்பன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

பிறகு ஒருநாள் அவள் கேட்டிருக்கிறாள்.

"அப்பா, மூணு நாளா ஒருத்தன் பின்னாலயே வர்றான். நாளைக்கு வர்றியா?"

"என்னத்தா நீ! மெடல் வாங்குன புள்ள. நாலு பேரு வந்தாலும் படுக்கப் போட்டுருவ."

"அது வேறப்பா."

ஒச்சப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். வேறு என்றால் என்ன வேறு என்று கேட்கத் தோன்றவில்லை. மகளுக்குச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டான். பத்து வயதிலிருந்து அந்த வெள்ளை உடுப்பைத் துவைத்துக் காயப்போட்டவன் அவன். கொடியில் அது காற்றுக்கு ஆடும்போதெல்லாம், இனி இந்த வீட்டுப் பக்கம் எவனும் வரமாட்டான் என்று அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

(நான் இட்டுக்கட்டவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனே சொன்னது. "கேட்டிருக்கலாம்ல மாப்ள, வேறன்னா என்னத்தான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல." இதையே பத்துத் தடவை சொன்னான்.)

3

அது என்ன வேறு என்று சுதீர் மாஷ் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அமுதவள்ளிக்குப் பத்து வருஷம் கராத்தே கற்றுக்கொடுத்த வாத்தியார்.

போட்டியில் தலைக்கு விடுகிற உதை தொட வேண்டும். தொட்டால் போதும். தோலுக்குத் தெரியலாம், எலும்புக்குத் தெரியக் கூடாது. பலமாக அடித்தால் நடுவர் எச்சரிப்பார், மறுபடி அடித்தால் வெளியே அனுப்பிவிடுவார். தொட்டதும் காலை இழுத்துக்கொண்டு பின்வாங்க வேண்டும். நடுவர் நிறுத்துவார். பாயிண்ட் விழும்.* இருவரும் பழைய இடத்துக்குப் போய் நிற்பார்கள்.

அதாவது, பத்து வருஷமாக அந்தப் பெண் தினமும் பழகியது, அடிக்காமல் அடிக்க.

ஒச்சப்பன் கேட்டான்: "தற்காப்புன்னு போர்டு வச்சிருக்கீகளே மாஷே?"

"சேட்டா, ஞான் படிப்பிச்சது களியாணு. வெறும் களி. களின்னு போர்டு வெச்சா ஆரு பிள்ளைய அனுப்பும்?" (களி என்றால் மலையாளத்தில் விளையாட்டு.)

மாஷைக் கெட்டவனாக்கினால் கதைக்கு வசதி. எழுதியும் பார்த்தேன், நிற்கவில்லை. ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தவர் அவர். வெறும் களி என்று சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

* தலைக்கு விழும் உதைக்கு மூன்று பாயிண்ட். அதற்குமேல் எந்த அடிக்கும் கிடையாது.

4

சந்தில் ஆள் இருந்தது. நான் இருந்தேன்.

தலையில் அறுபது கிலோ மிளகு. எங்கள் வேலையில் இரண்டு பேர் தூக்கி மூன்றாமவன் தலையில் வைப்பார்கள். இறக்கவும் ஆள் வேண்டும். தனியாக இறக்கினால் கீழே போடுவதுதான். "மூட்டை இருந்ததால் ஓட முடியவில்லை" என்று ஒரு படி எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். நான் ஓடப் பார்க்கவே இல்லை. ஒருத்தன் அமுதவள்ளியின் பையைப் பிடித்து இழுத்ததும், 'செத்தான்டா இன்னிக்கு' என்று நினைத்தேன். நன்றாகத் தெரியட்டும் என்று சுவரோரம் ஒதுங்கி நின்றேன்.

அவள் கால் உயர்ந்ததே தெரியவில்லை. பாதம் அவன் கன்னத்தைத் தொட்டது. அவ்வளவு அழகாக ஒரு உதையை நான் பார்த்ததில்லை. தொட்ட வேகத்திலேயே திரும்பிவிட்டது. அவள் இரண்டடி பின்வாங்கி, கைகளை உயர்த்திக்கொண்டு, பக்கவாட்டில் பார்த்தாள்.

நடுவர் நிற்கிற பக்கம். அங்கே நின்றது நான்.

நான் சிரித்தேன். நல்லா விட்டே என்று.

அந்த ஆள் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் இரண்டு கையாலும் அவளைத் தள்ளினான். கிட்டங்கிக் கதவின் இரும்புத் தாழ்ப்பாளில் அவள் தாடை மோதிய சத்தம்…

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

அவன் ஓடிய பிறகுதான் மூட்டையைக் கீழே போட்டேன்.

5

அமுதவள்ளிக்குள் போய் எழுத எனக்கு உரிமை இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு காகிதத்தில் மலையாளத்தில் எழுதிக் காட்டினாள். ஷம்சியாதான் படித்துச் சொன்னாள்: "நான் நிறுத்திட்டேன். அவன் நிறுத்தல." யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அவள் எழுதவில்லை. நான் உள்ளே போனால் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

இப்போது ஷம்சியாவுக்கு என்ன சொல்வது?

சேர்க்காதே என்று சொல்லலாம். அதற்கு அவள் முன்பே பதில் வைத்திருக்கிறாள். "சேர்க்கலேன்னா அந்தச் சந்து இல்லாமப் போயிருமாண்ணே? டியூஷன் விட்டா இவளும் அதுலதானே வரணும்?"

சேர், ஆனால் நிறுத்தாமல் அடிக்கச் சொல்லிக்கொடு என்று சொல்லலாம். ஐம்பது கிலோப் பெண் முழு பலத்தில் உதைத்திருந்தால் அவன் விழுந்திருப்பானா? மாஷுக்கே தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

மிச்சம் இருப்பது நடந்தது மட்டும்தான். உதை சரியாக விழுந்தது. அவள் கற்றவள் என்று தெரிந்ததால்தான் அப்பன் கூட்டிவரப் போகவில்லை, நானும் நின்று வேடிக்கை பார்த்தேன். உன் மகளும் கற்றுக்கொண்டால் நாங்கள் இப்படித்தான் நிற்போம். இதைச் சொன்னால் அன்று சாயங்காலமே ஒச்சப்பன் காதுக்குப் போய்விடும். சத்தம் கேட்டுக் கிட்டங்கிக்குள்ளிருந்து நான் ஓடிவந்ததாக அவன் நம்புகிறான். ஐந்து வாரமாக ஒவ்வொரு காலையும், "பாத்து மாப்ள, கழுத்து" என்று சொல்லித்தான் என் தலையில் மூட்டையை வைக்கிறான்.

ஷம்சியா மலையாளம் மட்டும் படிப்பாள். ஒச்சப்பன் எதுவும் படிக்கமாட்டான். அது தெரிந்தேதான் இவ்வளவையும் தமிழில் எழுதியிருக்கிறேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்பு. இதைப் படித்தவர்கள் யாராவது அதற்குள் போய் ஷம்சியாவிடம் சொல்லுங்கள். என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாம்.