ஒரு சகோதரி கேட்கிறார்

ஆறு வருடமாக ஹறாமாக இருந்த ஒரு காரியம் அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒன்றரை மணிக்கும் ஒன்றே முக்காலுக்கும் இடையில் ஹலாலாகிவிட்டது. மௌலவி ஸாலிஹீன் தொண்டையைச் செருமினார், ஒரு மிடறு தண்ணீர் குடித்தார், பெண்கள் வாகனம் ஓட்டுவதற்கு மார்க்கத்தில் தடை ஏதும் இல்லை என்றார், பிறகு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உழ்ஹிய்யா இறைச்சி பங்கிட்டதைப் பற்றிப் பேசப் போய்விட்டார். அவ்வளவுதான். பாரிஸின் லா சப்பல் பகுதியில் புடவைக்கடை ஒன்றின் பின்கட்டில் இருக்கும் அந்தத் தொழுகை மண்டபத்தில் யாரும் இருமக்கூட இல்லை.

திரைக்கு இந்தப் பக்கம், பெண்களுக்கென்று விட்டிருந்த மூலையில், புடவைப் பெட்டிகளுக்கு நடுவே மர்ளியா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த இளம்பெண் அவள் தொடையைத் தட்டினாள்.

"கேட்டீங்களா ராத்தா? இனி நாங்களும் ஓடலாமாம்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு. மர்ளியாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. இப்படியே பெட்டியில் சாய்ந்து படுத்துவிட்டால் என்ன என்றிருந்தது.

காரணம் யாருக்கும் தெரியாததல்ல. செவ்வாய்க்கிழமை சவூதியில் அரச கட்டளை வந்தது, இனிப் பெண்கள் கார் ஓட்டலாம் என்று. புதன்கிழமை எல்லார் கைபேசியிலும் அந்தச் செய்தி. வெள்ளிக்கிழமை லா சப்பலில் மார்க்கம் திருந்திவிட்டது. அங்கே ஒரு கையெழுத்து, இங்கே ஒரு குத்பா, நடுவில் மூன்றே மூன்று நாள். புத்தளத்தில் மர்ளியாவின் தங்கச்சி ஸ்கூட்டரில் போய்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அவளை எந்த மௌலவியும் மறித்ததில்லை. பாரிஸுக்கு விசா எடுத்து வந்த மார்க்கத்துக்குத்தான் இந்தக் கொடுப்பினை எல்லாம்.

2011ஆம் ஆண்டு அந்தத் தீர்ப்பு வந்ததும் இதே மண்டபத்தில்தான். வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் ஒரு துண்டுத்தாள் கொடுப்பார்கள். அதில் ஒரு கேள்வி, ஒரு பதில். கேட்டவர் பெயர் இருக்காது. அன்றைய தாளில் இப்படி இருந்தது: 'ஒரு சகோதரி கேட்கிறார். நோயாளரைப் பார்க்கும் தொழிலுக்காக ஓர் இளம்பெண் தனியே கார் ஓட்டிச் செல்லலாமா?' பதில் அரைப் பக்கம். கூடாது, குழப்பத்துக்கு வாசல் திறக்கும், பெரிய ஆலிம்கள் தடுத்திருக்கிறார்கள், ஹறாம்.

மர்ளியாவின் மகள் ஸிஹானாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தாதிப் படிப்பை முடித்து, புறநகரில் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டும், ஊசி போடும் வேலை ஒன்றைக் கையில் பிடித்திருந்தாள். அந்த வேலைக்குச் சாரதி அனுமதிப் பத்திரம் கட்டாயம். இஞ்சை எல்லாரும் சொல்கிற மாதிரிச் சொன்னால், பெர்மி. வாப்பா அன்சார்தீன் தாளை மேசையில் வைத்தார். "ஒண்டில் கார், இல்லாட்டி இந்த வீடு" என்றார். ஏற்கெனவே ஓட்டப் பழகியிருந்தவள் இரண்டு வாரத்தில் பரீட்சை எழுதிப் பெர்மி எடுத்தாள். மூன்றாவது வாரம் புறநகர் பியர்ஃபித்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்சார்தீன் முப்பது வருடம் உணவகச் சமையலறையில் நெருப்போடு நின்றவர். பிடித்தால் பிடித்த பிடிதான். மன்னார்ப் பக்கத்து ஆட்களுக்கு அவர் சொன்னால் சொன்னது. மகள் விடயத்திலும் அப்படியே நின்றார். போன வருடம் ஈரலில் புற்றுநோய் என்று சொன்ன பிறகும் நின்றார். சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தால் ஸிஹானா காரைக் கொண்டுவந்து நிறுத்திக் கண்ணாடியை இறக்குவாள்.

"வாப்பா, ஏறுங்க."

அவர் பஸ் தரிப்பிடத்தில் ஒட்டியிருந்த நேர அட்டவணையை வாசித்துக்கொண்டு நிற்பார். தலையில் ஒரு மயிர் இல்லை, கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு, கால் நடுங்கும். மர்ளியா அவர் முழங்கையைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பாள். நின்றுகொண்டு மகளைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள், நீ போ என்று. ஹறாம் என்று சொல்லிவிட்டார்களே, அவள் என்ன செய்வது? பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடிக்க ஸிஹானா போய்விடுவாள். இப்படி ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. பெப்ரவரியில் அவர் கண்ணை மூடி மௌத்தாகும்வரை, மகளின் காரில் ஒரு தடவைகூட ஏறவில்லை.

இப்போது ஸிஹானா ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் வருவாள். சுகமா, சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா, சரி வைக்கிறன். நாலு வசனம். பெற்ற மகளிடமிருந்து வாரத்துக்கு நாலு வசனம்.

சனிக்கிழமை மர்ளியா வழமைபோல் அற்புதராணியின் கடைக்குக் கறிவேப்பிலை கட்டப் போனாள். அற்புதராணி யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண். விடியற்காலையில் தானே வான் ஓட்டிப் போய்ச் சந்தையில் மரக்கறி எடுத்து வருவது அவளுக்குப் பதினைந்து வருடப் பழக்கம். செய்தி அதற்குள் அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"என்ன மர்ளியாக்கா, உங்கடை மௌலவி காலநிலை அறிக்கையே வாசிக்கிறார்? நேற்று மழை, இண்டைக்கு வெயில்."

"நீ சிரிப்பாய்."

"சிரிக்காமல் என்ன செய்யிறது? அன்சார்தீன் அண்ணை பாவம், அந்த வருத்தத்தோடை பஸ்ஸிலை இடிபட்டு..." சொல்லத் தொடங்கிய அற்புதராணி மர்ளியாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கமாட்டன். விடுங்கோ அக்கா."

கறிவேப்பிலை கட்டக் கட்ட மர்ளியாவுக்கு ஒரு யோசனை வந்தது. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பள்ளிவாசலில் சொன்னதைக் கேட்டு நடந்தார், அவ்வளவுதான். பிழை சொன்னவர் தலையில். இதை மகளிடம் தான் சொன்னால் எடுபடாது. மௌலவி தன் வாயால் சொல்ல வேண்டும். பிழை தன்னுடையது, வாப்பாவுடையது அல்ல என்று நேரில் வந்து சொன்னால், அந்தப் பிள்ளை வாப்பாவை மன்னிக்கும். வாப்பாவை மன்னித்தால் தன்னையும் மன்னிக்கும்.

திங்கட்கிழமை நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு போனாள். மௌலவி ஸாலிஹீன் மண்டபத்தில் தனியாக விரிப்புக்குத் தூசி உறிஞ்சும் மெஷின் பிடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு அறுபது சொல்லும் முகம். அவளைக் கண்டதும் மெஷினை நிறுத்தி, வாசல் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்தார்.

"மௌலவி, ஆறு வருசத்துக்கு முந்தி ஹறாம் எண்டீங்க. இப்ப இல்ல எண்டுறீங்க. குர்ஆன் மாறினதா, கார் மாறினதா?"

"சூழல் மாறினது, ராத்தா."

"எந்தச் சூழல்? சவூதியிலயா, லா சப்பல்லயா?"

அவர் மெஷினின் வயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். மர்ளியா வந்த காரியத்தைச் சொன்னாள். பியர்ஃபித்துக்கு ஒரு தடவை வர வேண்டும், மகளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் சுற்றிய வயரைத் திரும்ப அவிழ்த்தார்.

"மார்க்கக் கிதாபுல அப்பவும் தடை இல்ல. ஆயிஷா நாயகி ஒட்டகத்துல ஏறிப் படையோடயே போனவங்க. எனக்குத் தெரியாம இல்ல" என்றார்.

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"அந்த மாசம் பள்ளி நிர்வாகத் தெரிவு. மஹ்ரூப் ஹாஜியார் தலைவரா வரவேணும் எண்டு நிண்டார். அவருக்கு மன்னார் ஆக்களின்ட வாக்குத் தேவைப்பட்டது. சவூதியிலயும் அப்பதான் பொம்பிளையள் கார் ஓட வெளிக்கிட்டுப் பெரிய பிரச்சினை. அங்க இருந்து துண்டுப்பிரசுரம் கட்டுக்கட்டா வந்து கிடந்தது. பதில் தயாரா இருந்தது, ராத்தா. கேள்விதான் வேண்டிக் கிடந்தது."

மன்னார் ஆட்களின் வாக்கு யார் கையில் இருந்தது என்பதை மர்ளியாவுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"அவரா கேட்டது?"

"கேக்கேல்ல. உங்கட மனுஷன் கேள்வியோட வரேல்ல, பதிலோட வந்தவர். மகள் வீட்டோட இருக்கிற மாதிரி ஒரு பதில் தாங்க, எங்கட ஆக்கள் ஹாஜியாருக்குக் கை தூக்குவாங்க எண்டார். ஹாஜியார் என்னட்டச் சொன்னார். என்ட விசாக் கார்ட் ஹாஜியார் எழுதித் தாற கடிதத்துல ஓடுது. நான் எழுதினன்."

"ஒரு சகோதரி எண்டு இருந்ததே?"

"அது நான் போட்டது. ஒரு வாப்பா கேக்கிறார் எண்டு போட்டா ஆரெண்டு பிடிச்சிருவாங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. மௌத்தானவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். வந்துவிட்ட கோபத்தை என்ன செய்வது? அந்த நடுங்கும் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை மணித்தியாலம் குளிரில் நின்றிருப்பாள். அவர் அல்லாஹ்வுக்குப் பயந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார் என்று நம்பியல்லவா நின்றாள். தானே சொல்லி எழுதுவித்த தாளுக்கா மனுஷன் அவ்வளவு பயந்தார்?

மௌலவி மெதுவாகச் சொன்னார். "நான் வாறன், ராத்தா. உண்மை எல்லாம் வேணாம். பிழை முழுக்க என்ட, வாப்பா ஒண்டும் அறியாதவர் எண்டு மகளிட்டச் சொல்லுறன். பிள்ளைக்கும் நல்லம், மௌத்தானவருக்கும் நல்லம், உங்களுக்கும் நல்லம்."

அவள் கேட்டு வந்தது அதைத்தான். கையில் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி.

"வேணாம் மௌலவி" என்றாள். "ஆளாளுக்கு நல்லமா இருக்கிற மாதிரி நீங்க சொன்னது போதும்."

அவள் எழும்பினாள். அவர் துஆ செய்யுங்கள் என்றார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள்.

கார் து நோர்ட் ரயில் நிலையத்துக்கு நடந்து போய் ரயில் எடுத்தாள். பியர்ஃபித் பதினைந்து நிமிடத் தூரம். ஆறு வருடத்தில் அவள் அங்கே போனது இரண்டு தடவை, இரண்டும் மகள் அழைத்துப் போனது. சொல்லாமல் கொள்ளாமல் போவது இதுதான் முதல் தடவை. ஐந்து மணிக்குக் கதவைத் தட்டினாள். ஸிஹானா நோயாளர் வீடுகளைச் சுற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முழங்கைவரை சோப்பு நுரையோடு கதவைத் திறந்தவள், ஏதோ கெட்ட செய்தி என்று பயந்து போனாள்.

"ஒண்டுமில்ல, மகள். சும்மா வந்தனான்."

"சும்மாவா?" ஸிஹானா குசினிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டே பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு தமிழுக்கு வந்தாள். "மௌலவி மாத்திட்டாராம். எனக்கு நாலு பேர் வாழ்த்து அனுப்பியிருக்கிறாங்க. என்னவோ நான் இண்டைக்குத்தான் பெர்மி எடுத்த மாதிரி."

மர்ளியா கதிரையில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரும் வழியெல்லாம் சுற்றிவளைத்துச் சொல்லப் பார்த்த பேச்சு இப்போது ஒன்றும் வரவில்லை.

"அந்தத் தாளை எழுதுவிச்சது வாப்பா. எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

ஸிஹானா தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"எனக்கு அண்டைக்கே தெரியும். முதல் நாளே வாப்பா சொன்னவர், நாளைக்குப் பள்ளியில உனக்குப் பதில் வரும் எண்டு." கையைத் துடைக்கத் துவாயை எடுத்தாள். "கேள்விய எழுதினது நீங்க எண்டு நினைச்சன். ஒரு சகோதரி எண்டு இருந்தது. வாப்பா சொல்லச் சொல்ல நீங்க இருந்து எழுதியிருப்பீங்க எண்டு."

"ஆறு வருசமாவா அப்பிடி நினைச்சாய்?"

"ஓம்."

வாரத்துக்கு நாலு வசனம் ஏன் என்பது மர்ளியாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"நான் எழுதேல்ல, மகள். அல்லாஹ் அறிய நான் எழுதேல்ல."

ஸிஹானாவின் தோள் தளர்ந்தது. எத்தனையோ நாளாக உம்மா பார்க்காத ஒரு முகம் வந்தது, சின்ன வயதில் காய்ச்சல் விட்ட காலையில் இருக்கிற முகம். துவாயை மேசையில் போட்டுவிட்டு உம்மாவை நோக்கி ஓரடி வைத்தாள். இன்னும் ஓரடி வைத்தால் கட்டிக்கொள்வாள். மர்ளியா வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

"ஆனா கேளு," என்று கையை நீட்டி மறித்தாள் மர்ளியா. "அந்தத் தாளை வாசிச்ச நேரம் எனக்கு நிம்மதியா இருந்தது. பிள்ளை இனி வீட்டோட இருப்பாள் எண்டு. ஆர் அந்தச் சகோதரி எண்டு நான் யோசிக்கேல்ல. யோசிச்சா பிடிபட்டிருக்கும். பிடிபட்டா நான் வாப்பாவோட சண்டை பிடிக்க வேண்டி வரும். அதனால யோசிக்கேல்ல."

ஸிஹானா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நான் போன பிறகு? அப்பவும் நிம்மதியாத்தான் இருந்ததா?"

"இல்ல. எனக்கும் இல்ல, வாப்பாவுக்கும் இல்ல. ஒரு நாளும் இல்ல."

"அப்ப ஏன் ரெண்டு பேரும் இதைப் பத்தி என்னட்ட ஒரு வார்த்த பேசேல்ல? ஆறு வருசம், உம்மா."

மௌலவி சொன்னார் என்று இனிச் சொல்ல முடியாது. வாப்பா பிடிவாதக்காரர் என்று சொல்லலாம், அதுவும் பாதிதான். மர்ளியா தனக்குள் தேடிப் பார்த்தாள். சொல்லக்கூடிய மாதிரி ஒன்றும் கைக்கு வரவில்லை.

"தெரியா, மகள்."

ஸிஹானா கட்டிக்கொள்ளவில்லை. போகச் சொல்லவும் இல்லை. உம்மா பிடித்துக்கொண்டு நின்ற கதிரையை மேசையிலிருந்து இழுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் போய்த் தானும் உட்கார்ந்தாள்.

"இருங்க, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். "எனக்கு நாளைக்கு வேலை இல்ல."