இரண்டு நாற்காலியும் காலி

எங்கள் மாநிலத்தில் துணை ஆளுநரை ஸ்டெப்னி என்றுதான் சொல்வோம். ஆளுநரும் துணையும் ஒரே ஓட்டில் ஜெயிப்பவர்கள். ஆனாலும் டிக்கியில் கிடக்கிற டயரை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அப்போது துணை ஆளுநராக இருந்த டாக்டர் கஷிமானா மேடமே அதைச் சொல்லிச் சிரிப்பார். அவரை அரசியலுக்கு இழுத்து வந்தவர் ஆளுநர் டெர்வாசே. "நீ பேசு, நான் கத்துறேன்" என்பார் அவர். அப்படித்தான் இருவரும் ஊர் ஊராக ஓட்டுக் கேட்டார்கள். நான் கஷிமானாவின் செயலாளர், கூடவே போயிருக்கிறேன்.

அந்த மழைக்காலத்தில் டெர்வாசே திடீரென்று ஜெர்மனி போனார். செக்கப் என்றார்கள். வெளிநாடு போகிற ஆளுநர் சட்டமன்றத்துக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும், துணை ஆளுநர் பொறுப்பை ஏற்றுக்கொள்ளலாம். அவர் எழுதவில்லை. அதனால் மாநிலத்தில் கையெழுத்துப் போட ஆள் இல்லை.

அப்போதுதான் பெனுவே ஆறு கரை புரண்டது. தாழ்வான பகுதி முழுக்கத் தண்ணீர். ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தோம். அங்கே காலரா வந்தது. மருந்து வாங்கக் கருவூலத்தில் பணம் இருந்தது. எடுக்க முடியவில்லை. கஷிமானா ரப்பர் பூட்ஸோடு தரையில் உட்கார்ந்து, இருந்த கொஞ்ச சலைனையும் தன் கையாலேயே ஏற்றினார்.

மடியில் குழந்தையோடு இருந்த ஒருத்தி அவர் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "நீங்கதானே அம்மா கவர்மெண்ட்டு? மருந்து எங்க?"

சாயங்காலம் அந்தக் குழந்தை இறந்துபோனது. மறுநாள் கஷிமானா அந்த நாலு வரியை எழுதி வாங்க, சொந்தச் செலவில் ஜெர்மனிக்கு விமானம் ஏறினார். நானும் போனேன்.

ஆஸ்பத்திரி அறை வாசலில் டெர்வாசேயின் மனைவி டோஷிமா நின்றாள்.

"அவரு தூங்குறாரு அக்கா."

"எழுப்பல. பாத்துட்டுப் போயிடறேன்."

டெர்வாசேயின் கண்கள் திறந்துதான் இருந்தன. தொண்டையில் குழாய். கஷிமானா குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார், விளக்கைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார், உள்ளங்கையை அழுத்தினார். ஒரு அசைவும் இல்லை. நெற்றியைத் தடவிவிட்டு வெளியே வந்தார்.

"எப்ப இருந்து இப்படி?"

"வந்த மறுநாள்ல இருந்து."

"இனிமே எழுந்திருக்க மாட்டாரு டோஷிமா."

"தெரியும்."

"அப்ப வெளியில சொல்லிடு. அங்க ஜனம் செத்துட்டிருக்கு."

"சொன்னா அந்த நிமிஷமே எல்லாரும் அவரைப் புதைச்சிடுவீங்க. மூச்சு இருக்கிற வரைக்கும் அவருதான் ஆளுநர். அதுவரைக்கும் பதவியில யாரும் கை வைக்க மாட்டாங்கன்னு சபாநாயகர் அகோசு எனக்கு வாக்குக் கொடுத்திருக்காரு. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

ஊர் திரும்பியதும் கஷிமானா அமைச்சர்களைக் கூட்டினார். ஆளுநரால் இயலவில்லை என்று அவர்களில் பெரும்பாலோர் தீர்மானம் போட்டால், மருத்துவக் குழு போய்ப் பார்க்கும். அதன்பின் பொறுப்பு கைமாறும். கண்டதை அப்படியே சொன்னார். எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் முணுமுணுத்தார்: "பொணம் விழல, அதுக்குள்ள கழுகு வந்துடுச்சு."

கை தூக்கியது கஷிமானா ஒருவர்தான்.

தாழ்வாரத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. "பேசாம இருந்திருக்கலாம் மேடம். அவரு போனதும் நாற்காலி தானா உங்ககிட்ட வந்திருக்கும்."

"அது எனக்குத் தெரியாதா? அதுவரைக்கும் எத்தனை பேரைப் புதைக்கிறது?"

அகோசு காத்திருந்தது இப்படி ஒரு கூட்டத்துக்குத்தான். ஆளுநருக்குத் துரோகம், அனுமதியில்லாத பயணம் என்று குற்றம் சுமத்தி, விசாரணை என்று ஒன்றை நடத்தி, சட்டமன்றம் கஷிமானாவைப் பதவியிலிருந்து நீக்கியது. அன்றே காவலர்களும் போனார்கள், காரும் போனது. கேட்டுக்கு வெளியே ஒரு பைக் டாக்ஸியை நிறுத்தி, பின்னால் ஏறி உட்கார்ந்து வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரமே டெர்வாசே இறந்தார். புதிய துணையை முன்மொழிய வேண்டியவர் ஆளுநர்; அவருக்கோ நினைவே இல்லாததால் அந்த இடம் நிரப்பப்படாமலே இருந்தது. இப்போது இரண்டு நாற்காலியும் காலி. அப்படியானால் சபாநாயகர்தான் ஆளுநர் என்கிறது சட்டம். அகோசு நன்றாக அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பதவியேற்றார்.

அடக்கத்தன்று முன்வரிசை முழுக்க அகோசுவின் ஆட்கள். டோஷிமா நடந்து நடந்து, கூட்டத்தின் கடைசியில் இருந்த எங்கள் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தாள்.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்க அக்கா. அகோசு என் போனையே எடுக்கல."

கஷிமானா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நகர்ந்து இடம் விட்டார். டோஷிமா உட்கார்ந்தாள்.

மறுநாள் கஷிமானா வெறும் டாக்டராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஒரு வழியாக மருந்து வந்திருந்தது. பெட்டி பெட்டியாக, ஒவ்வொன்றிலும் அகோசுவின் சிரித்த முகம். தண்ணீர் வடிந்துவிட்டது. மைதானத்துக்குப் பின்னால் புது மண்மேடுகள் இரண்டு வரிசையாக இருந்தன. அவர் பெட்டியைக் கிழித்து மருந்தை எடுத்தார். வாங்க நின்ற வரிசை நீளமாக இல்லை.