தொண்ணூறு நாள் பெட்டி

கொழுந்தனார் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தபோது தையல்காரர் வாசலில் வந்து நின்றார். கையில் மஞ்சள் ரசீது. வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தவரைப் பார்த்ததும் அதைச் சட்டென்று மடித்துப் பைக்குள் திணித்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்போலக் கும்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பினார்.

இறந்தவரின் மனைவி அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்துவிட்டாள். பழைய கம்ப்யூட்டரைத் தங்கள் கடைக்கு விற்றவர்களுக்கு மட்டும் கொடுக்கும் ரசீது அது.

"வந்த விஷயத்தைச் சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

"இன்னொரு நாள் வரேம்மா. அவசரம் ஒண்ணுமில்ல."

"இன்னிக்கு எத்தனாவது நாள்?"

தையல்காரர் தயங்கினார். "எழுபத்தாறு" என்றார்.

அவள் பார்வை முன்னறைப் பக்கம் போனது.

வீட்டின் முன்னறைதான் கடை. இருபத்திரண்டு வருடமாக அங்கே பழைய கம்ப்யூட்டர், கீபோர்டு, பிரிண்டர் எல்லாம் வாங்கி விற்றார் அவள் கணவர். தெருவில் அவருக்கு 'குறை எழுதுறவர்' என்று பெயர். விற்கும் ஒவ்வொரு சாமானிலும் அதன் குறையைத் தன் கையால் எழுதி ஒட்டிவிடுவார். 'பேட்டரி நாற்பது நிமிடம். அதற்கு மேல் நம்ப வேண்டாம்.' 'இந்த பிரிண்டர் காலையில் கொஞ்சம் அடம் பிடிக்கும்.' பொண்ணு பார்க்க வந்தவர்களிடம் பொண்ணின் கோபத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் கிண்டல் செய்வாள். ஆனால் படித்துச் சிரித்தவர்கள்தான் வாங்கிக்கொண்டும் போனார்கள்.

அதைவிடப் பெரிய கிறுக்கு தொண்ணூறு நாள் பெட்டி. யார் கம்ப்யூட்டர் விற்றாலும் உள்ளே எல்லாம் பதிவாகியிருக்கும் டிஸ்கைக் கழற்றி, விற்றவர் பெயர் எழுதி, தகரப் பெட்டியில் தொண்ணூறு நாள் வைத்திருப்பார். அதற்குப் பிறகுதான் அழிப்பார்.

"வீட்ல ஒருத்தர் போயிட்டா, அவங்க கம்ப்யூட்டரைக் கண்ணுல பாக்க முடியாம வித்துடுவாங்க. அப்புறம் மனசு கேக்காது, தேடி வருவாங்க" என்பார். இத்தனை வருடத்தில் அப்படி வந்தவர்கள் பதினோரு பேர். அந்தப் பதினோரு பேருக்காக நூற்றுக்கணக்கான டிஸ்குகளைக் காத்து வைத்திருந்த மனிதர் அவர்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த எட்டு நாளும் கடையை அவள்தான் பார்த்தாள். பெட்டி நிரம்பி வழிந்தது. மிச்ச நாளில் யார் வரப்போகிறார்கள் என்று எல்லா டிஸ்கையும் அழித்து, துடைத்து, விற்பனைக்கு அடுக்கி வைத்தாள். அவர் வந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்று ஆசை. அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் வரவும் இல்லை.

கொழுந்தனார் பக்கத்தில் வந்து குனிந்தார். "அண்ணி, டிஸ்க் எங்க இருக்குன்னு தெரியல, தேடிப் பாக்கறேன்னு சொல்லி அனுப்பிடுங்க. வண்டி வர்ற நேரம்."

நல்ல யோசனைதான். இன்றைக்கு அவள் என்ன சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவள் கூடத்தில் கிடந்தவரைப் பார்த்தாள். ஒரு மவுஸின் தேய்மானத்தைக்கூட மறைக்காத ஆள். அவர் பெயரில் போகும் கடைசி வியாபாரம் பொய்யாகப் போகக் கூடாது.

"அத நான் அழிச்சிட்டேங்க" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "அவருக்குத் தெரியாது. தப்பு என்னோடது."

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என் வீட்டுக்காரி டீச்சர். படுக்கையில விழுந்தப்புறமும் பிள்ளைங்களுக்குப் பாடம் பேசிப் பதிவு பண்ணுவா. அவ போனதும் அந்தக் குரலைக் கேக்கற தெம்பு இல்லாம வித்துட்டேன்" என்றார். பிறகு, "பரவால்லம்மா, விடுங்க. உங்களுக்கு இருக்கற கஷ்டத்துல..." என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அழிப்பதில் இரண்டு வகை உண்டு. கணவர் செய்வது பெரிய அழிப்பு. நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் கிறுக்கி மறைப்பதுபோல, மணிக்கணக்கில் ஓடும். அவசரத்தில் அவள் செய்தது சின்ன அழிப்பு. பொருளடக்கத்தை மட்டும் கிழித்தெறிந்த மாதிரி. பக்கங்கள் உள்ளேயே இருக்கும். மேலே புதிதாக எதையும் எழுதாதவரை தேடி எடுக்கலாம். அவர் அப்படி எடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

"இப்படி வந்து உக்காருங்க" என்று தையல்காரரைக் கடைக்குள் அழைத்துப் போனாள்.

அடுக்கில் ஒவ்வொன்றாகப் புரட்டி தையல்காரர் பெயர்ச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்த டிஸ்கைக் கண்டுபிடித்தாள். வயர் மூன்றாவது தடவைதான் பொருந்தியது. திரையில் பச்சைக் கோடு ஊர ஆரம்பித்தது. கணவரின் நாற்காலியில், அவர் முதுகு பட்டுப் பட்டுப் பள்ளமான இடத்தில் சாய்ந்ததும், காலையிலிருந்து வராத அழுகை வந்தது. கண்ணைத் துடைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடு முப்பத்தெட்டு சதவீதத்தைத் தொட்டபோது வண்டி வந்துவிட்டது.

"அண்ணி, கிளம்பணும்" என்று கொழுந்தனார் கதவருகே நின்றார்.

"கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க."

"அண்ணன காக்க வைக்கிறீங்களா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"கடையில ஆள் இருக்கறப்போ உங்க அண்ணன் என்னிக்காவது சாப்பிட எழுந்து வந்திருக்காரா?"

அண்ணனைப் பற்றிக் கொழுந்தனாருக்கும் தெரியும். போய் டிரைவரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார். வெளியே வண்டியின் இன்ஜின் அணைந்தது.

கோடு முடிந்தது. பெயரிழந்து வெறும் எண்களாய் வந்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதலாவது திறக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது, நான்காவது வெறும் இரைச்சல். தையல்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஐந்தாவதில் யாரோ இருமினார்கள். தண்ணீர் குடிக்கும் சத்தம். பிறகு இளைத்த, ஆனால் கண்டிப்பான பெண்குரல் ஸ்பீக்கரிலிருந்து கூடம் வரைக்கும் கேட்டது.

"எல்லாரும் வந்தாச்சா? சத்தம் போடாம அவங்கவங்க இடத்துல உக்காருங்க."

தையல்காரர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கூடத்தில் பேச்சு நின்றது. கதவருகே நின்ற கொழுந்தனார் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.