அசிக்குலர் என்ற சொல்

1
இந்தக் கதை ஒரு பழைய தாளிலிருந்து வந்தது. தாள் என் தங்கை புருஷனுடையது. மருந்துக்குப் போகும் உப்பு தயாரிக்கும் ஆலையில் நான் மேஸ்திரி, அவர் தொட்டிக்காரர். முப்பது வருஷத்துக்கு முன் அவரை வேலையைவிட்டு நீக்கிக் கொடுத்த தாள் அது. முழுக்க ஆங்கிலம். ஒரு சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு: அசிக்குலர்.

"குடிகாரன்னுதான் எழுதியிருப்பான். போய்ச் சேர்றதுக்குள்ள தெரிஞ்சுக்கணும் மச்சான்" என்றார் படுக்கையிலிருந்து.

2
ஆரம்பம் ஒன்று: 'மாப்பிள்ளை நல்லவர். அவரை யாரோ'

(யாரோவாம்! அடித்துவிட்டேன்.)

ஆரம்பம் இரண்டு: 'அன்று மத்தியானம் மேஸ்திரி தார்ப்பாயை'

(இப்போது வேண்டாம். அலுப்பாக இருக்கிறது. ஐந்தாவதோடு நின்றவன் நான். எழுதுகிறவன் எவனையும் நம்பியதில்லை.)

3
என் மகள் அகராதியைப் புரட்டினாள்.

"திட்டெல்லாம் இல்லப்பா. ஊசி மாதிரி இருக்கிற படிகத்தைச் சொல்றது. லத்தீன்ல சின்ன ஊசிக்கு ஒரு பேரு, அதுலேர்ந்து வந்திருக்கு."

"ஆளைப் பத்தி ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமே இல்ல. நல்ல சேதிதானே, ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

4
உங்களுக்குத் தொழில் தெரியாது, சொல்கிறேன். கொதித்த உப்புக் கரைசலைத் தொட்டியில் ஊற்றி, தார்ப்பாயால் மூடி இரண்டு நாள் தொடாமல் ஆறவிட்டால் படிகம் விரல் தடிமனுக்கு வளரும். திறந்து சீக்கிரம் ஆறவைத்தால் ஊசி ஊசியாய் விழும். எவனும் வாங்க மாட்டான்.

மாப்பிள்ளை சாப்பிடப் போனபோது தார்ப்பாயை விலக்கி, அவர் வருவதற்குள் மறுபடி மூடியவன் நான். தொட்டி சீக்கிரம் காலியானால் எனக்கு மறுநாள் லீவு. (இதைவிடப் பெரிய காரணம் தேடினேன். இல்லை.) கெட்ட சரக்கை அவர் பார்க்கவே இல்லை. மறுநாள் வேலைக்கு வந்தவரைக் கேட்டிலேயே தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என்ன குற்றம் என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன்.

5
முடிவு அ: குடிகாரன் என்றுதான் போட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவது. அவர் அப்படியே போய்ச் சேர்வார். நான் தப்பிப்பேன்.

முடிவு ஆ: மகளை அனுப்புவது. (கோழைத்தனம்.)

நானே போனேன்.

"ஊசின்னு அர்த்தம் மாப்ளே. உப்பு ஊசியா விழுந்துச்சாம்."

"அட, இவ்வளவுதானா! இதுக்கா உன் தங்கச்சிகிட்ட முப்பது வருஷமா 'குடிக்கலடி, குடிக்கலடி'ன்னு சத்தியம் பண்ணினேன்!" இருமி இருமிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"ஊசியாவா? நான் மூடிட்டுத்தானே மச்சான் சாப்பிடப் போனேன்?"

நான் வாயைத்

(மூன்று நாளாக இந்த வாக்கியம் நகரவில்லை. நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். என்னை நல்லவனாக்கிவிடாதீர்கள், அவ்வளவுதான். சீக்கிரம் எழுதுங்கள், அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.)