துருப்பிடிக்காத பைப்

பைப் கடையில் கேட்டது மேனகா. கடைக்காரர் அருள்முருகன் பதில் சொன்னது அவள் கணவன் இளஞ்செழியனுக்கு.

பூச்சு இல்லாத ஒரு இஞ்ச் கறுப்பு இரும்பு பைப், சுவர் தடிமன் இரண்டு மில்லி இருக்கவேண்டும் என்று அவள் தெளிவாகத்தான் கேட்டாள். கறுப்பு பைப் வாங்கிப்போனால் அடுத்த தீபாவளிக்குள் உப்புக்காற்று தின்றுவிடும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. எடுங்கள், இல்லாவிட்டால் துருவே பிடிக்காத எஸ்.எஸ். எடுங்கள் என்று அவர் இளஞ்செழியனைப் பார்த்துச் சொன்னார். கடையில் இருக்கிறதா இல்லையா என்று அவள் மறுபடியும் கேட்டாள்.

"எதுக்கு சார் இது? கேட்டுக்கா, கிரில்லுக்கா?" என்றார் அவர், அவனிடமே.

"இவளுக்கு ஒரு குட்டி வண்டி செய்றேன்" என்று இளஞ்செழியன் சிரித்தான்.

அப்போதுதான் அருள்முருகன் மேனகாவைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்க்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

மேனகா குள்ளம். எந்த ஸ்கூட்டரில் உட்கார்ந்தாலும் அவள் கால் தரையைத் தொடாது. ஓடும்போது ஒன்றுமில்லை, நிற்கும்போதுதான் வினை. இந்திரா காந்தி சிலை சிக்னலில் அவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்திருக்கிறாள். அடி பெரிதில்லை. யார் யாரோ ஓடிவந்து குழந்தையைத் தூக்குவதுபோல அக்குளில் கை கொடுத்துத் தூக்கியதுதான் உறுத்தியது. அதன்பிறகு மேட்டுப்பாளையத்தில் அவள் வேலை செய்யும் பம்பு கம்பெனிக்கு இளஞ்செழியனின் பின்சீட்டில்தான் போகிறாள். ரெட்டியார்பாளையத்தில் அவனுடைய கிரில் பட்டறையில் வேலை முடிந்தால் அவளுக்கு வீடு. முடியாவிட்டால் கம்பெனி கேட் ஓரம் காத்திருப்பு. எத்தனை மணிக்கு வருவான் என்று கேட்டால், "உன்ன வுட்டுட்டு எங்க போயிடப்போறேன்" என்பான். அன்பாகத்தான் சொல்வான். அன்பாகச் சொல்வதை எதிர்த்துச் சண்டை போடுவதற்கு அவளுக்கு வார்த்தை கிடைப்பதில்லை.

அதனால்தான் இந்த வண்டி. மூலையில் கிடந்த பழைய மொபெட்டின் எஞ்சின், சின்னச் சக்கரம், முழங்கால் உயரத்தில் சீட். யோசனை அவளுடையது. பட்டறைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, அந்தக் கோட்டின்மேல் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஊன்றிப் பார்த்தாள். ஊன்றியது. அன்று அவளுக்கு இருந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

வேலை பைப்பில் வந்துதான் நின்றது. இந்தக் கடலோர ஊரில் இரும்பு வாங்க வருகிற எல்லாரும் முதலில் கேட்பது துருப்பிடிக்குமா என்றுதான். பாரம் தாங்குமா என்று கேட்கிறவர்கள் குறைவு. இளஞ்செழியனும் அப்படித்தான் பழகியிருந்தான். யோசிக்க யோசிக்க அவளுக்கு ஒன்று புரிந்தது. ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, மொட்டைமாடிக் கூண்டு என்று அவன் செய்து கொடுத்தவை எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறவை. கேட்கூடக் கீலில் ஆடிவிட்டு அதே இடத்துக்கு வந்து சேரும். ஓடுகிற பொருள் எதையும் அவன் செய்ததில்லை. அதை அவனிடம் சொன்னால் தொழிலைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்வான்.

அருள்முருகனிடம் இல்லாத கறுப்பு பைப் மேட்டுப்பாளையத்தில் இன்னொரு கடையில் இருந்தது. ஆனால் வெட்டித் தரமாட்டார்களாம். முழு நீளமாகத்தான் எடுக்கவேண்டுமாம். பாதி வீணாகும், யார் வண்டி பிடித்து இழுத்துக்கொண்டு போவது என்று இளஞ்செழியன் சலித்துக்கொண்டான். ஒரு ஓட்டலுக்குப் படிக்கட்டுக் கைப்பிடி போட்டதில் மிஞ்சிய எஸ்.எஸ். பைப் பட்டறையில் சும்மா கிடக்கிறதே என்றான்.

"அது வேணாங்க. கை வச்சு ஏறுறதுக்கு செஞ்ச பைப்பு. சுவரு ரொம்ப மெல்லிசு."

அவன் பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்தான். பேசாமல் இருந்ததை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தத் தவறைச் செய்துகொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது பட்டறை வாசலில் வண்டியின் ஃபிரேம் நின்றது. எஸ்.எஸ். பைப். கண்ணாடிபோல் பாலிஷ் போட்டிருந்தான். வளைவுகள் அவள் போட்ட சாக்பீஸ் கோட்டை அப்படியே பின்பற்றியிருந்தன. அழகாக இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அசிங்கமாக இருந்திருந்தால் சுலபமாகத் திட்டியிருக்கலாம்.

பக்கத்துத் தையல்கடை செல்வாம்பாள் ஊசியும் கையுமாக வந்து நின்றிருந்தாள். "ஒனக்கென்னம்மா, வெள்ளி ரதம் செஞ்சு வச்சிருக்காரு. போலீஸ் புடிச்சா பொம்மைன்னு சொல்லிடு."

மேனகா குனிந்து, ஹேண்டில் செருகும் கழுத்தைப் பார்த்தாள். மொபெட்டிலிருந்து அறுத்த கனத்த இரும்புக் கழுத்தோடு இந்த மெல்லிய பைப்பை ஒட்டியிருந்தான். வெல்டிங்கில் குறையில்லை. ஆனால் கம்பெனியில் திரும்பி வருகிற உடைந்த பாகங்களைப் பார்ப்பதுதான் அவள் வேலை. வெல்டு உடைவதில்லை, அதை ஒட்டினாற்போல, பக்கத்தில்தான் மயிரிழையாக விரிசல் விடும். கம்பெனிக்குப் போகும் வழுதாவூர் ரோட்டில் லாரிகள் தோண்டிவைத்த பள்ளங்கள் அவளுக்கு மனப்பாடம்.

"வேணாம்னு சொன்னேனேங்க."

"துருவே புடிக்காது மேனகா. காலத்துக்கும் இப்பிடியே இருக்கும்."

"நீங்க ஏறி உக்காருங்க."

"என் வெயிட்டுக்கா இத செஞ்சேன்?"

"பள்ளத்துல வுழும்போது என் வெயிட்டும் ஒங்க வெயிட்டாத்தான் ஆவும்."

அவன் உட்காரவில்லை. துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்த பைப்பை மறுபடியும் துடைத்தான். அந்தத் தயக்கம் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் செல்வாம்பாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகம் மாறியது. ஃபிரேமின் இரண்டு முனையிலும் செங்கல் முட்டுக் கொடுத்து, ஏறி உட்கார்ந்து, வேண்டுமென்றே எம்பி எம்பிக் குதித்தான்.

ஒன்றும் ஆகவில்லை.

"போதுமா?" என்றான். செல்வாம்பாள் கைதட்டாத குறையாகச் சிரித்தாள்.

மேனகாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. வளைந்திருந்தால் அவள் வாயைத் திறக்கவே வேண்டியிருந்திருக்காது. இன்று தாங்கும். நாளையும் தாங்கும். மாதக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து, ஒருநாள் பஸ்ஸுக்கு முன்னால் கழுத்து கழன்றுவரும். வராமலும் போகலாம். காட்டுவதற்கு அவள் கையில் ஒன்றுமில்லை. சரி என்று சொல்லிவிட்டால் எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். அவள் ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் முடிவின்மேல் உட்கார்ந்துகொண்டு போகவேண்டும். அதற்குப் பின்சீட்டே தேவலை.

அவள் உள்ளே போய்க் கட்டிங் மெஷினை எடுத்துவந்தாள்.

"இன்னா பண்ற?"

"அறுக்கப்போறேன். கறுப்பு பைப் திங்கக்கிழமை நானே எடுத்தாறேன். முழு நீளமா."

"தாங்குச்சே மேனகா. கண்ணால பாத்தியே."

"பாத்தேன். இருந்தாலும் இதுல நான் ஏறமாட்டேன்."

"காரணம் சொல்லு."

சொன்னாள். சொல்லும்போதே, அது நிரூபணம் இல்லாத வெறும் பயம்போல அவள் காதுக்கே கேட்டது. ஆனாலும் மெஷினைக் கீழே வைக்கவில்லை. செல்வாம்பாள், யாரோ எதற்கோ கூப்பிட்டதுபோல, தன் கடைக்குத் திரும்பிப் போனாள்.

சுவிட்சைப் போட்டாள். மெஷினின் அறுக்கும் சக்கரம் கழுத்துக்குப் பக்கத்தில் பட்டதும் பொறி பறந்தது. பாதி அறுந்ததும் பைப் தொய்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. மெஷின் கையில் துள்ளி நின்றது. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அவளுக்கு அவன்மேல், பைப்மேல், தன் குட்டைக் கைமேல் எல்லாம் கோபம் வந்தது.

இளஞ்செழியன் வந்து, பைப்பின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தான். சக்கரம் விடுபட்டது. அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"கோணலா அறுக்குற" என்றான். "நேரா புடி."

அவள் நேராகப் பிடித்தாள்.